பக்கம் புரட்டும் குச்சி: அம்மாவின் கையில் ஒன்பது மாதம்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். விரல் சரியாக மடங்காமல், எதையும் கிள்ளிப் பிடிக்க முடியாமல் கஷ்டப்படுகிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்து, அவருக்குப் படிக்கிற பழக்கமும் இருந்தால், பக்கம் புரட்டும் குச்சி என்று ஒன்று விற்கிறார்கள், அதை வாங்கிக் கொடுங்கள். ஐந்நூறு ரூபாய்ச் சாமான்தான். ஆனால் இதில் இரண்டு மூன்று வகை இருக்கிறது. தப்பான வகையை வாங்கினால் புத்தகமும் போகும், படிக்கிறவருக்கு இருக்கிற ஆசையும் போகும். நான் முதலில் அந்தத் தப்பான வகையைத்தான் வாங்கினேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கோத்தகிரியில் எங்கள் வீட்டில், அம்மா கையில், போன அக்டோபரிலிருந்து இந்த ஜூலை வரை தினமும் வேலை செய்த குச்சி இது. வாங்கிய இரண்டாம் நாளே எழுதியிருந்தால் இதில் பாதி எனக்கே தெரிந்திருக்காது.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாருக்கு வாங்கினோம் என்று தெரியாமல் குச்சி நல்லதா கெட்டதா என்று சொல்வதில் அர்த்தமில்லை. இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்புவதற்கான சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் 1964இல் போட்டது, ஆனால் அம்மா குடும்பத்துக்கு முறை வந்தது பத்து வருஷம் கழித்துத்தான். பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தபோது தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. படிப்பு அதோடு நின்றது. வயது வந்ததும் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து, அறுபதை நெருங்கும் வரை கொழுந்து பறித்தார். பள்ளிக்கூடம் விட்டுப்போனாலும் எழுத்தை மட்டும் விடவில்லை. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டித் தருகிற தாளைக்கூட பிரித்துப் படித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவார். ஓய்வு பெற்றதும் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் நூலகத்தில் உறுப்பினராக்கிவிடு என்பதுதான். மூன்று புத்தகம் எடுத்துக்கொண்டு வந்தால் பத்து நாளில் முடித்துவிடுவார், எவ்வளவு தடி சரித்திர நாவலாக இருந்தாலும் சரி.

கை பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது நான்கைந்து வருஷம் முன்னால். காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்தே இருக்கும். குளிர்தானே, நாற்பது வருஷம் பனியில் நின்ற கைதானே என்று விண்டர்கிரீன் தைலத்தைத் தேய்த்தே நாங்கள் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டோம். ரத்தப் பரிசோதனை செய்து முடக்குவாதம் என்று தெரிந்து மருந்து ஆரம்பிப்பதற்குள் இரண்டு கையிலும் விரல் முட்டுகள் வீங்கி, விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கிவிட்டன. இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம், காலை நேரத்து விறைப்பு, இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் தைலத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், சீக்கிரம் டாக்டரிடம் போங்கள். மருந்தை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவுக்கு மூட்டு தப்பிக்கும். இது விமர்சனத்துக்குச் சம்பந்தமில்லாதது மாதிரி இருக்கலாம், ஆனால் எனக்கு இதைச் சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை.

பக்கத்தைத் திருப்புவது என்ன பெரிய வேலை என்று நானும் நினைத்தவள்தான். அம்மா செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. தாளின் மூலையைச் சுட்டுவிரலால் அழுத்தி இழுக்க வேண்டும், ஒரு தாள் மட்டும் பிரிந்து எழும்ப வேண்டும், அதைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கிள்ளிப் பிடிக்க வேண்டும், அப்புறம் மணிக்கட்டு திரும்ப வேண்டும். கொழுந்து கிள்ளுவதும் இதே அசைவுதான். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை ரெண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ளிய கை, ஒரு தாளைக் கிள்ள முடியாமல் புத்தகத்தின் மேலேயே வழுக்கிக்கொண்டிருந்தது. வழுக்குவதற்குத் தனிக் காரணமும் உண்டு. விரல் நுனியில் இருக்கிற லேசான ஈரமும் ரேகையும்தான் தாளைப் பிடிக்கிறது. வயதானால் வேர்வை குறையும், தோல் காயும். அம்மாவுக்கு ரேகையே தேய்ந்துபோனதால் ரேஷன் கடை இயந்திரத்தில் விரல் வைத்தால் மூன்றாவது தடவை, நான்காவது தடவைதான் விழும். அந்த விரல் எப்படித் தாளைப் பிடிக்கும்?

அதனால் என்ன ஆயிற்று என்றால், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு யாராவது அந்தப் பக்கமாக வரும்வரை காத்திருப்பார். நானோ என் மகனோ போகும்போது, "இந்தப் பக்கத்த மட்டும் திருப்பிட்டுப் போ சாமி" என்பார். ஒரு பக்கம் படிக்க இரண்டு நிமிஷம், ஒரு தடவை திருப்பினால் இரண்டு பக்கம் என்றால் ஒரு மணி நேரத்தில் பதினைந்து தடவை கூப்பிட வேண்டும். அம்மா ஐந்து தடவைக்கு மேல் கூப்பிட மாட்டார். ஒரு நாள் மூன்று புத்தகத்தையும் பையில் போட்டு, "திருப்பிக் குடுத்துரு புள்ள, கண்ணு தெரிய மாட்டேங்குது" என்றார். கண்புரை அறுவை சிகிச்சை செய்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஊசியில் நூல் கோர்க்கிற கண். கை முடியவில்லை என்று சொல்வதற்குப் பதில் கண்ணைச் சொன்னார். அன்றைக்குத்தான் நான் தேட ஆரம்பித்தேன்.

கடையில் கிடைக்கிறதையெல்லாம் முதலில் முயன்று பார்த்தோம். வங்கியில் நோட்டு எண்ணுகிறவர் பக்கத்தில் இருக்குமே, ஈர ஸ்பாஞ்சு டப்பா, அது இருபது ரூபாய்தான். விரல் நன்றாக இருந்து தோல் மட்டும் காய்ந்தவர்களுக்கு அது போதும், இந்தக் குச்சியே வேண்டாம். அம்மாவுக்கு ஈரத்தில் தாள் எழும்பியது, ஆனால் கிள்ளிப் பிடிக்க முடியவில்லை, நூலகப் புத்தகத்தின் மூலையெல்லாம் ஈரக் கறை ஆகிறதே என்று அவருக்கே பிடிக்கவில்லை. அடுத்து விரலில் மாட்டுகிற ரப்பர் உறை, மேலே முள் முள்ளாக இருக்கும். வீங்கிய முட்டைத் தாண்டி அதை மாட்டுவதற்கும் கழற்றுவதற்குமே ஆள் வேண்டியிருந்தது. பென்சிலின் பின்பக்க ரப்பரால் தள்ளுவதுதான் இருப்பதில் பரவாயில்லை. அதில்தான் எனக்கு வழி தெரிந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் தடவையே தாள் வில் மாதிரி வளைந்து எழும்பியது. ஆனால் பென்சில் ரொம்ப ஒல்லி. விரல் முழுக்க மடங்காத கையில் பென்சில் நிற்பதே இல்லை. பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கினேன், ஒரு வாரம் ஓடியது, ரப்பர் காய்ந்து வழுவழுப்பானதும் நின்றது.

அப்புறம்தான் இணையத்தில் வாங்கினேன். முதலில் வந்தது, முனையில் பிசின் மாதிரி ஒட்டுகிற உருண்டை வைத்த வகை. தாளில் ஒற்றி எடுத்தால் தாள் ஒட்டிக்கொண்டு வரும் என்பது கணக்கு. புதுத் தாளில் வரத்தான் செய்தது. ஆனால் நூறு பக்கத்துக்குள் தூசியும் தாள் நாரும் ஒட்டி உருண்டை கறுத்துவிடும், அதைப் பிசைந்து புதுப்பக்கம் எடுக்க வேண்டும். பிசைகிற கை இருந்தால் எதற்கு இந்தக் குச்சி? அதைவிட மோசம், கொஞ்சம் பழைய நூலகப் புத்தகத்தில் வைத்ததும் எழுத்தோடு மேல்தாள் உரிந்து வந்துவிட்டது. அம்மா அன்றைக்கு முழுக்க அந்தப் பக்கத்தையே தடவிக்கொண்டிருந்தார். விற்றவரிடம் திருப்பி அனுப்பிப் பணம் வர மூன்று வாரம் ஆனது, படத்தில் போட்டிருந்தது வேறு, அனுப்பியது வேறு. ஒட்டும் முனை உள்ளதை யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

இரண்டாவதாக வந்ததுதான் இந்த விமர்சனத்துக்கு உரியது. 540 ரூபாய், கூரியர் செலவும் சேர்த்து. எங்கள் லைன் வீடு வரைக்கும் கூரியர் வராது, டவுனுக்குப் போய்த்தான் வாங்கிவந்தேன். மொத்த நீளம் 28 சென்டிமீட்டர், எடை சமையலறைத் தராசில் 40 கிராமுக்குள். ஒரு முனையில் பட்டாணி அளவு சிலிகான் குமிழ், கையால் திருகிக் கழற்றலாம். மறுமுனை தட்டையாக, தோசைத் திருப்பியைக் குட்டியாக்கியது மாதிரி, மெல்லிய பிளாஸ்டிக்கில் ஓரம் மழித்து இருக்கிறது. நடுவில் பிடிக்கிற இடத்தில் கனமான ஸ்பாஞ்சு உறை, நல்ல வாழைப்பழத் தடிமன். அந்தத் தடிமன்தான் இதில் உயிர். விரல் முழுக்க மடங்க வேண்டியதில்லை, பாதி மடங்கிய கையிலேயே உட்கார்ந்துகொள்கிறது. விரலிடுக்கில் சொருகிக்கொண்டு உள்ளங்கையால் தள்ளினாலும் வேலை நடக்கும். கிள்ளுகிற வேலையே இல்லை, எல்லாம் முழங்கையும் தோளும் பார்த்துக்கொள்கிறது. இதற்கு ஒரு மாதிரி ஸ்டீல் குச்சியும் வருகிறது, பார்க்க அழகு, 120 கிராம், அதைத் தொட வேண்டாம். அரை மணி நேரம் பிடித்துப் பார்த்தால் மணிக்கட்டு சொல்லும் காரணம்.

புரட்டும் விதம் இப்படி. வலது பக்கத்தின் மேல் மூலையிலிருந்து இரண்டு விரல்கடை உள்ளே தள்ளி குமிழை வைக்க வேண்டும். எல்லாரும் மூலையிலேயே வைக்கிறார்கள், அங்கே வைத்தால் தாள் மடிந்துபோகும். லேசாக அழுத்தி முதுகுப் பக்கமாக இழுத்தால் தாள் உப்பி எழும்பும். எழும்பியதும் குச்சியை அப்படியே அதன் அடியில் நுழைத்து இடது பக்கம் தள்ளிவிட வேண்டும். இரண்டு தாள் சேர்ந்து வந்துவிட்டால் குச்சியைத் திருப்பிப் பிடித்து தட்டை முனையை நடுவில் விட்டுப் பிரிக்கலாம். அம்மாவுக்குக் கை பழக நான்கு நாள் ஆனது. முதல் நாள் அழுத்தம் கூடிப்போய் பத்துப் பக்கத்துக்கு ஒரு தடவை தாள் கசங்கியது, அதற்கே "வேணாம் புள்ள, புத்தகம் பாவம்" என்று வைத்துவிட்டார். அப்போது ஒரு பழைய டெலிபோன் டைரக்டரியைக் கொடுத்து இதில் பழகு அம்மா, கிழிந்தால் கிழியட்டும் என்றேன். அது நல்ல யோசனையாக அமைந்தது. மெல்லிய தாள், நிறையப் பக்கம், யாருக்கும் வேண்டாத புத்தகம். பழைய டைரியோ விலைப்பட்டியலோ எதுவானாலும் சரி, முதல் வாரத்துக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள்.

தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குச்சி ஓடுவதும் ஓடாததும் பாதி தாளில்தான் இருக்கிறது. தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் வருகிற, பளபளப்புப் பூச்சு இல்லாத மேப்லித்தோ தாளில் இது பிரமாதமாக ஓடும், சொல்வதற்குக் குறையே இல்லை. ஆனால் அதே தாளில் அடித்த இரண்டு புத்தகத்தில் ஒன்று சொன்னபடி புரளும், இன்னொன்று விறைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடும். ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. அச்சகத்தில் பைண்டிங் பார்க்கிற தெரிந்தவர் ஒருவர்தான் சொன்னார், தாளுக்கு நார் ஓட்டம் உண்டு என்று. செய்தித்தாளைக் கிழித்துப் பாருங்கள், ஒரு திசையில் கோடு போட்ட மாதிரி நேராகக் கிழியும், மறு திசையில் கோணல்மாணலாகப் போகும். நேராகக் கிழிகிற திசைதான் நார் ஓடும் திசை. அந்த நார் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓடினால் தாள் துணி மாதிரி வளைந்து விழும். குறுக்கே ஓடினால் அட்டை மாதிரி விறைக்கும். தாளை மிச்சம் பிடிக்க வெட்டும்போது சில சமயம் குறுக்கே வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட புத்தகத்தில் குமிழால் இழுத்தால் மட்டும் போதாது, உப்பியதும் உடனே குச்சியை அடியில் விட்டுவிட வேண்டும், ஒரு நொடி தாமதித்தாலும் படக்கென்று திரும்பிவிடும்.

பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா வேதாகமம் படிப்பவர். அவரும் குச்சியைப் பார்த்து ஆசைப்பட்டு இரண்டு நாள் வாங்கிப்போனார். வேதாகமத் தாள் செய்தித்தாளைவிட மெல்லிசு, அதில் குமிழ் சரிவரவில்லை, மூன்று நான்கு தாள் ஒன்றாக வந்தது. அழுத்தாமல், குமிழைத் தாளின் வெளி ஓரத்தில் பக்கவாட்டில் தடவினால் ஒவ்வொன்றாகப் பிரிகிறது என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். அதிகாரம் தேடிப் புரட்டுவதற்கு இது ஆகாது, அதற்கு ஓரத்தில் படிப்படியாக வெட்டி எழுத்துப் போட்ட வேதாகமம்தான் சுலபம். ஒரே இடத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு உதவும்.

செய்தித்தாளுக்குக் குச்சி உதவவே உதவாது. பெரிய தாள், காற்றில் மடங்கும், ஒரு கைக் குச்சிக்கு அடங்காது. நாங்கள் என்ன செய்கிறோம் என்றால் காலையில் பேப்பர் வந்ததும் நடு மடிப்பில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்து, அதை நாலாக மடித்துக் கொடுத்துவிடுகிறோம். அப்போது ஓரளவு ஓடுகிறது.

வாரப் பத்திரிகையின் பளபளப்புத் தாள் பற்றி மலையில் இருக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர், நவம்பரில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்பளம், தீப்பெட்டி, தாள் எல்லாம் நமுத்துப்போகும். பளபளப்புத் தாளின் மேலே சீனக்களிமண் பூச்சு இருக்கிறது, ஈரத்தில் அந்தப் பூச்சு இளகி ஒரு தாளோடு ஒரு தாள் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதைக் குச்சியால் நெம்பினால் படம் உரியும். ஈரமாக இருக்கும்போதே கையால் மெதுவாகப் பிரித்து நடுவில் வெள்ளைத் தாள் வைத்துக் காயவிட வேண்டும், காய்ந்து இறுகிவிட்டால் பிரிக்கவே முடியாது. சாதாரணப் புத்தகத் தாள் நமுத்தால் ஒட்டாது, ஆனால் தொய்ந்துவிடும், உப்பாது, அதனால் குமிழ் இழுக்கும்போது தாள் சுருங்கி மடிகிறது. மழை நாளில் படிக்கப் போகிற புத்தகத்தை அடுப்பு இருக்கிற அறையில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் சரியாகிவிடுகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், அந்த அறையில் இருந்தால் போதும்.

ஜனவரி நேர் எதிர். உறைபனி விழுகிற காலத்தில் காற்று காய்ந்து, தாள் முறுக்காக இருக்கும். குச்சிக்கு அதுதான் நல்ல காலம், ஆனால் அம்மாவின் கைக்கு அதுதான் கெட்ட காலம். காலை பத்து மணி வெயில் ஏறும்வரை விரல் அசையாது. அந்த நேரத்தில் உள்ளங்கையால் குச்சியைத் தள்ளிப் படித்தார். டிசம்பர் கடைசியில் ஒரு நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது ஜன்னலோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார், சாயந்தரம் வந்தபோது புத்தகம் பாதிக்கு மேல் தாண்டியிருந்தது. வீட்டில் பகல் முழுக்க வேறு யாரும் இல்லை. எனக்கு இந்தக் குச்சியில் வேறு எந்த விசேஷமும் சொல்லத் தெரியாது, இது ஒன்று போதும்.

தைல விஷயத்தில் கவனம். விண்டர்கிரீனோ நீலகிரித் தைலமோ தேய்த்த கையால் குமிழைத் தொட்டால் எண்ணெய் ஏறி, பிடிப்பு போய்விடும், தாளிலும் எண்ணெய்க் கறை விழும், அது போகவே போகாது. சிலிகானில் ஒரு நல்லது, சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் பிடிப்பு திரும்ப வந்துவிடும். தூசி ஏறினாலும் அதே வைத்தியம்தான், நாங்கள் வாரம் ஒரு தடவை கழுவுகிறோம். சாதாரண ரப்பர் முனை வைத்த குச்சியாக இருந்தால் எண்ணெய் பட்டுப் பட்டு ரப்பர் ஊறிப் பிசுபிசுப்பாகிவிடும், கழுவினாலும் சரியாகாது. வாங்கும்போது முனை சிலிகானா என்று கேட்டு வாங்குங்கள். பிடி மேல் இருக்கிற ஸ்பாஞ்சுதான் எனக்குக் குறை. அது தைலத்தை உறிஞ்சிக்கொள்கிறது, நாலைந்து மாதத்தில் பொடிப்பொடியாக உதிரத் தொடங்கியது, ஈரக் காலத்தில் பூசண வாசனையும் வந்தது. அதைப் பிய்த்தெறிந்துவிட்டு சைக்கிள் கைப்பிடி உறை ஒன்றை மாட்டியிருக்கிறேன், முப்பது ரூபாய், கழுவ முடிகிறது. கம்பெனிக்காரர்கள் ஆரம்பத்திலேயே இப்படிக் கொடுத்திருக்கலாம். இன்னொரு குறை, குமிழைக் கழற்றி மாட்டும் திருகு ரொம்பச் சின்னது. கை நன்றாக இருப்பவர்தான் மாற்ற முடியும். முடக்குவாதக்காரர்களுக்கென்று செய்த சாமானில் இந்தத் தப்பு வரக்கூடாது.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமானது. புத்தகம் தானாகத் திறந்து நிற்கவில்லை என்றால் குச்சியால் பிரயோஜனம் இல்லை. குச்சியை வாங்கிவிட்டு, சரிவரவில்லை என்று தூக்கிப்போடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். ஒரு கையால் புத்தகத்தை விரித்துப் பிடித்து மறுகையால் குச்சியைப் பிடிப்பது ஆரோக்கியமான ஆளுக்குச் சரி. தையல் போட்ட பைண்டிங் மேஜையில் விரித்தால் படுத்துக்கொள்ளும். வெறும் பசையில் ஒட்டிய பைண்டிங் வாயை மூடிக்கொள்ளும், அழுத்தி விரித்தால் முதுகு உடைந்து தாள் தாளாக வரும். நூலகத்தில் அட்டை மாற்றி ஓரத்தையல் போட்ட புத்தகங்கள் இன்னும் கஷ்டம், உள் ஓரம் பூராவும் தையலுக்குள் போயிருக்கும். இதற்கு எங்கள் வீட்டில் பயன்பட்டது சிக்குப் பலகை. பழைய வீடுகளில் பாராயணத்துக்கு வைத்திருப்பார்களே, இரண்டு பலகை குறுக்கே கோர்த்து மடக்குவது, அதுதான். ஊட்டியில் பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது. புத்தகம் அதில் பாதி திறந்த நிலையிலேயே உட்கார்ந்துகொள்கிறது, முதுகுக்கும் கெடுதல் இல்லை, படிக்கிறவருக்குக் கழுத்தும் வலிக்காது. இடது பக்கத்தின் மேல் போட்டுவைக்க ஒரு சின்னத் துணிப்பை, உள்ளே ஆற்று மணல், ஒரு சாண் நீளம், கால் கிலோவுக்குக் குறைவு. குச்சியால் புரட்டிய தாளை அந்தப் பைக்கு அடியில் நுழைத்துவிட அம்மாவே ஒரு வழி வைத்திருக்கிறார், குச்சியின் தட்டை முனையால் பையைத் தூக்கி, தாளைத் தள்ளி, பையை விட்டுவிடுகிறார். பார்க்க நேரமாகிற மாதிரி இருக்கும், பழகியபின் பத்து நொடிதான்.

டேப்லெட் வாங்கிக் கொடுத்தால் விரலால் தள்ளினாலே போதுமே என்று என் தம்பி சொன்னான். கொடுத்தும் பார்த்தோம். காய்ந்த விரல் நுனியைத் திரை பாதி நேரம் உணரவில்லை, உணர்ந்தால் நாலு பக்கம் தாண்டி ஓடியது. அம்மாவுக்கு வேண்டிய புத்தகங்கள் அதில் இல்லை என்பது இன்னொன்று, அவருக்கு வேண்டியது கிளை நூலகத்து அலமாரியில் தானே தேடி எடுக்கிற புத்தகம்.

ஒரு எச்சரிக்கை. பழைய தாளில் இந்தக் குச்சியை உபயோகிக்காதீர்கள். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய மரக்கூழ்த் தாள் அமிலம் ஏறிப் பழுத்திருக்கும், உப்பவைத்தால் வளையாது, அப்பளம் மாதிரி நொறுங்கும். வீட்டில் தாத்தா காலத்துப் பஞ்சாங்கமோ கணக்குப் புத்தகமோ இருந்தால் கையாலேயே, மேல் மூலையில் மெல்லிய தகடு ஒன்றை நுழைத்து, தாளின் முழு நீளத்துக்கும் கையைக் கொடுத்துத் தாங்கித் திருப்புங்கள். ஊட்டியில் 1859இல் தொடங்கிய நீலகிரி நூலகம் மாதிரி இடங்களில் இருக்கிற பழைய நூல்களில் ரப்பர் முனை எதையும் கொண்டுபோய் வைத்துவிட வேண்டாம்.

கை அறவே அசையாதவர்களுக்கு, கழுத்துப் பகுதியில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு, இதே குமிழ் முனையோடு வாயில் கடித்துப் பிடிக்கிற குச்சியும் இருக்கிறது. மின்சாரத்தில் ஓடுகிற புரட்டும் இயந்திரமும் இருக்கிறது, ஆனால் விலை அதிகம். வாய்க்குச்சியை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம், பல்லும் தாடையும் தாங்குமா, எவ்வளவு நீளம் என்று மறுவாழ்வுச் சிகிச்சை பார்க்கிறவர்களிடம் கேட்டு, வாய்க்கு அளவெடுத்துச் செய்வதுதான் சரி. பக்கவாதம் வந்து ஒரு கை மட்டும் ஓடுகிறவர்களுக்கு எங்கள் குச்சியும் சிக்குப் பலகையும் போதும் என்று நினைக்கிறேன், மணல் பையை மட்டும் கொஞ்சம் கனமாக வைத்துக்கொள்ள வேண்டும். நடுக்கவாதம் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் முன் வேறு யாரிடமாவது வாங்கிச் சோதித்துப் பாருங்கள். என் பெரியப்பா கையில் கொடுத்தபோது லேசான குச்சியாக இருப்பதே தொந்தரவாக இருந்தது, குமிழ் தாளில் நிற்காமல் ஆடியது. கைப்பிடிக்குள் இரண்டு பெரிய போல்ட்டைப் போட்டுக் கனமாக்கியதும் கொஞ்சம் நின்றது.

குமிழ் இப்போது இரண்டாவது. முதல் குமிழ் ஆறு மாதத்தில் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையானது. தனியாக வாங்கினால் இரண்டு குமிழ் 90 ரூபாய், குச்சி வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள், பின்னால் தேடினால் எங்கள் ஊர் முகவரிக்குக் கூரியர் செலவு குமிழைவிட அதிகம் வருகிறது. குச்சி கீழே விழுந்தால் குனிந்து எடுக்க அம்மாவால் முடியாது, அதனால் பிடியின் அடியில் ஓட்டை போட்டு சிவப்பு உல்லன் நூல் கட்டி, மறுமுனையை சிக்குப் பலகையின் காலில் கட்டிவிட்டோம். என் மகன்தான் கட்டினான். நேற்று நான் போய்ப் பார்த்தபோது அந்த நூலை அவிழ்த்து இன்னும் ஒரு முழம் நீளமாகக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார், "வெயில் அந்தப் பக்கம் போகுதுல்ல, நானும் நகரணும்ல" என்று.